வெளிநாட்டில் குடியேறுகிறீர்களா? மருத்துவக் காப்பீட்டில் முதலில் தேதியைப் பாருங்கள்

முதல் தடவை வேலைக்காக நாடு மாறியபோது, வந்து இறங்கிய 11-வது நாள் மாடிப்படியில் கால் தடுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு அரை மணி நேரத்தில் வீங்கிவிட்டது. வேலையில் சேர்ந்தாயிற்று, நிறுவனமே காப்பீடு தருகிறது, என்ன கவலை என்று மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். என் காப்பீடு அடுத்த மாதம் 1-ம் தேதிதான் தொடங்குகிறது. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருத்துவர் கட்டணம் எல்லாவற்றையும் கையிலிருந்து கட்டினேன்.

அந்தத் தேதி எனக்கு அனுப்பிய வேலைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பிரீமியம் எவ்வளவு, மொத்தம் எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு என்பதை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த நான், எந்த நாளிலிருந்து என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வெளிநாடு கிளம்பும் யார் என்னிடம் யோசனை கேட்டாலும் ஒரே வரிசையில்தான் சொல்கிறேன். எந்தத் தேதியிலிருந்து, யார் யாருக்கு, எதற்கெல்லாம் கிடையாது. இந்த மூன்றும் தெளிவான பிறகு விலையைப் பாருங்கள்.

முதல் படி: போகும் நாடு உங்களிடம் என்ன கேட்கிறது, என்ன தருகிறது

எந்த நிறுவனத்தின் பாலிசி நல்லது என்று தேடத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில நாடுகளில் தேர்ந்தெடுக்கும் வேலையே இருக்காது. சில நாடுகளில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பல வருடம் இழுக்கும்.

பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் விசா கேட்டு வெளியிலிருந்து விண்ணப்பித்தால், விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் அது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 776 பவுண்டு. மூன்று வருட விசா என்றால் மூன்று வருடத்துக்கும் முன்கூட்டியே. கட்டிய பிறகு அங்குள்ள தேசிய சுகாதார சேவையை மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம். பல், கண்ணாடி, இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கான கட்டணம் போன்றவை தனி. அங்கே போகிறவர் பெரிய தனியார் பாலிசி ஒன்றையும் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. போய் இறங்கி, நிலைமையைப் பார்த்துத் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் வேலைக்குப் போய்க் குடியேறுபவர் நான்கு மாதத்துக்குள் அடிப்படைக் காப்பீடு எடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மூன்று மாதம். இரண்டு நாடுகளிலும் அடிப்படைத் திட்டத்துக்கு நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்க முடியாது. கெடுவுக்குள் சேர்ந்தால் பாதுகாப்பு வந்த நாளிலிருந்தே கணக்காகும், பிரீமியமும் அந்த நாளிலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். "கடைசி வாரத்தில் சேர்ந்தால் மூன்று மாதப் பணம் மிச்சம்" என்று சிலர் நினைக்கிறார்கள். மிச்சமில்லை. கெடு தாண்டினால் சுவிட்சர்லாந்தில் சேர்ந்த நாளிலிருந்துதான் பாதுகாப்பு, மேலே அபராதக் கூடுதலும் உண்டு.

ஜெர்மனிதான் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம். அங்கே சட்டப்படியான பொதுக் காப்பீடு 1883-லிருந்து இருக்கிறது. வருமானத்தில் ஒரு சதவீதமாகப் பிடிப்பார்கள், பாதியை முதலாளி கட்டுவார். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். இளைஞராக, தனியாளாக, நல்ல உடல்நிலையோடு போகும்போது தனியார் திட்டம் மலிவாகவும் வசதியாகவும் தெரியும். ஆனால் பொதுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத மனைவி அல்லது கணவரும், குழந்தைகளும் தனிப் பிரீமியம் இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். தனியாரில் தலைக்கு ஒரு பிரீமியம், அதுவும் வயதோடு ஏறும். திரும்பிப் பொதுக் காப்பீட்டுக்கு வருவது எளிதல்ல. 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய முடியாத காரியம். குடும்பத்தோடு தங்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள் என்பதுதான் என் கருத்து.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்கள், அதோடு இரண்டு முழு மாதங்கள் காத்திருக்க வேண்டும். மார்ச் 5-ம் தேதி போய்ச் சேர்ந்தால் ஜூன் 1 முதல்தான் அரசுக் காப்பீடு. ஒன்டாரியோவில் இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே "கனடாவில் இலவசம்" என்று யாராவது சொன்னால், எந்த மாகாணத்தில், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். அரசுக் காப்பீடு வந்த பிறகும், மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மாத்திரைகளும் பல் சிகிச்சையும் பெரும்பாலும் அதில் அடங்காது. அதற்குத்தான் வேலையிடத்துக் காப்பீடு உதவும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் முதலாளி காப்பீடு எடுத்துத் தருவது கட்டாயம். துபாயில் இதற்கான சட்டம் 2013-ல் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு எல்லா அமீரகங்களிலும் கட்டாயமாகிவிட்டது. ஆனால் குடும்பத்தை அழைத்துப் போனால், துபாயில் அவர்களுக்கான காப்பீடு ஸ்பான்சர் செய்பவரின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உயர்ந்த பாஸ், நல்ல சம்பளம் என்று போகிறவர்தான் அங்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவர்.

ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் அரசுக் காப்பீட்டில் சேர வேண்டும், பில்லில் பொதுவாக 30 சதவீதம் நீங்கள் கட்டுவீர்கள். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் விசாக் காலம் முழுவதற்கும் வெளிநாட்டு மாணவர் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1 லட்சம் டாலர் காப்பீடு வேண்டும், டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) 500 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஏஜென்ட் சொன்னதை மட்டும் வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: இடைவெளி நாட்களை எண்ணுங்கள்

ஒரு தாளில் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் நீங்கள் கிளம்பும் தேதி. வலது பக்கம், நிலையான காப்பீடு தொடங்கும் தேதி. நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். என் விஷயத்தில் அது 20 நாட்களுக்கு மேல் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா போகிறவருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். அமெரிக்காவில் வேலையிடத்துக் காப்பீடு தொடங்க முதலாளி 90 நாள் வரை காத்திருக்க வைக்கலாம்.

வேலைக் கடிதத்தில் "காப்பீடு உண்டு" என்று மட்டும் இருந்தால் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் போதாது, பதில் எழுத்தில் வேண்டும். இரண்டு கேள்விகள்தான்: எனக்குக் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது? என் குடும்பத்தாருக்கு எந்தத் தேதியில்? சில இடங்களில் ஊழியருக்கு முதல் நாளே தொடங்கும், குடும்பத்தாரின் பெயரைச் சேர்க்க உள்ளூர் அடையாள அட்டை வர வேண்டும் என்பார்கள். அந்த அட்டை வர வாரக்கணக்கில் ஆகலாம்.

இடைவெளியை மூடத்தான் பயணக் காப்பீடு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பல பயணப் பாலிசிகள், திரும்பி வரும் டிக்கெட் வைத்திருக்கும் சுற்றுலாப் பயணிக்காக எழுதப்பட்டவை. நிரந்தரமாகக் குடியேறப் போகிறவருக்குச் செல்லாது என்று உள்ளே ஒரு வரி இருக்கும். வாங்கும் முன் "நான் ஒருவழிப் பயணமாக, தங்குவதற்குப் போகிறேன், இந்தப் பாலிசி பொருந்துமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் உடம்பின் கணக்கை எழுதுங்கள்

குடும்பத்தில் கூட வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தினமும் சாப்பிடும் மாத்திரை, அதன் பொதுப் பெயர், அளவு. கடந்த ஐந்து வருடத்தில் நடந்த அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் தங்கியது. இப்போது நடந்துகொண்டிருக்கும் பரிசோதனைகள். அடுத்த இரண்டு வருடத்தில் குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்பதும் இதில் வரும்.

கர்ப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சர்வதேசத் தனியார் திட்டங்களில் பிரசவச் செலவுக்குப் பொதுவாக 10 முதல் 12 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. கருவுற்ற பிறகு பாலிசி வாங்கினால் அந்தப் பிரசவம் அதில் வராது. எண்ணம் இருந்தால் இப்போதே திட்டமிட வேண்டும், இல்லையென்றால் காத்திருப்பு இல்லாத பொதுக் காப்பீடோ வேலையிடத்துக் காப்பீடோ தொடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறந்த குழந்தையைப் பாலிசியில் சேர்க்கவும் கெடு உண்டு. அமெரிக்காவில் வேலையிடத் திட்டத்தில் பெற்றோருக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கிடைக்கும். பிரசவக் களைப்பில், இரவும் பகலும் தெரியாத அந்த வாரங்களில் இது மறந்துபோகும். யாரிடமாவது முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்களை எந்தச் சூழ்நிலையிலும் மறைக்காதீர்கள். "சர்க்கரை இருப்பதைப் போட வேண்டாம், பிரீமியம் ஏறும்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். கிளெய்ம் வரும் நாளில் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். மறைத்தது தெரிந்தால் சர்க்கரைக்கு மட்டுமல்ல, பாலிசியையே ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும்.

நான்காம் படி: எந்த வகைக் காப்பீடு

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

பயணக் காப்பீடு திடீர் நோய்க்கும் விபத்துக்கும் மட்டும். ஆபத்துக் கட்டம் தாண்டியதும் அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, தொடர் சிகிச்சை இதில் கிடையாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோக் காப்பீடும் இந்த வகைதான். அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

உள்ளூர்க் காப்பீடு, அந்த நாட்டின் அரசு அல்லது தனியார் திட்டம். ஒரே நாட்டில் நீண்ட காலம் இருக்கப் போகிறவருக்கு இதுவே பொதுவாகச் சரி. மருத்துவமனைகளுக்குப் பழக்கமான அட்டை, கேள்வி குறைவு.

சர்வதேச மருத்துவக் காப்பீடு, நாடு விட்டு நாடு மாறுகிறவர்களுக்கு. தொடர் சிகிச்சையும் வரும், விலையும் அதிகம். இதில் "அமெரிக்கா நீங்கலாக உலகம் முழுவதும்" என்று ஒரு பிரிவு இருக்கும். அமெரிக்காவில் மருத்துவச் செலவு அதிகம் என்பதால் அதைச் சேர்த்தால் பிரீமியம் வெகுவாக ஏறும். அங்கே போகும் எண்ணம் இல்லையென்றால் சேர்க்க வேண்டியதில்லை.

சர்வதேசத் திட்டம் வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள நோயை இரண்டு விதமாகக் கையாளுவார்கள். ஒன்றில் முழு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். பதில்களைப் படித்து, எதை ஏற்கிறோம், எதை விலக்குகிறோம், எதற்குக் கூடுதல் பிரீமியம் என்று எழுத்தில் சொல்வார்கள். இன்னொன்று மொரட்டோரியம். தொடக்கத்தில் கேள்வி அதிகம் இருக்காது, சீக்கிரம் பாலிசி வந்துவிடும். ஆனால் கடந்த சில வருடங்களில் அறிகுறியோ சிகிச்சையோ இருந்த எதுவும், நீங்கள் பொதுவாக இரண்டு வருடம் தொடர்ந்து அதற்காக மருந்தோ மருத்துவரோ இல்லாமல் இருந்தால்தான் உள்ளே வரும். தினமும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த இரண்டு வருடம் வரவே வராது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத இளைஞர் மொரட்டோரியத்தில் போகலாம். தொடர் மருந்து சாப்பிடுகிறவர்கள் கேள்வித்தாள் வழியில் போவதே நல்லது. விலக்கு வந்தாலும் இன்றே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: பாலிசியைப் பின்னாலிருந்து படியுங்கள்

விளம்பரத் தாள் இரண்டு பக்கம், பாலிசி ஆவணம் 50, 60 பக்கம். முழு ஆவணத்தை வாங்கும் முன்பே கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள். கையில் வந்ததும் விலக்குகள் பகுதியையும் சொல் விளக்கப் பகுதியையும் முதலில் படியுங்கள்.

சொல் விளக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். நண்பர் ஒருவர் தன் அம்மாவைக் கனடாவுக்கு அழைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு, நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடத்துக்கு 1 லட்சம் கனடிய டாலர் காப்பீடு காட்ட வேண்டும். ஒரு பாலிசியைத் தேர்ந்தெடுத்து என்னிடம் காட்டினார். "ஏற்கெனவே உள்ள நோய், நிலையாக இருந்தால் ஏற்கப்படும்" என்று முதல் பக்கத்தில் இருந்தது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பல வருடமாகக் கட்டுக்குள்தான் இருக்கிறது, நிலையாகத்தானே இருக்கிறது என்றார் நண்பர். சொல் விளக்கத்தைத் திருப்பினோம். "நிலையாக" என்றால், பயணத்துக்கு முந்தைய 180 நாட்களில் புதிய மருந்து சேர்த்திருக்கக் கூடாது, மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, புதிதாகப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கக் கூடாது. அம்மாவின் மருத்துவர் இரண்டு மாதத்துக்கு முன்தான் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். உடம்பு தேறியதால் குறைத்தது. ஆனால் பாலிசியின் பார்வையில் அது மாற்றம். அந்தப் பாலிசியில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் தொடர்பான எதற்கும் ஒரு டாலர்கூடக் கிடைத்திருக்காது. வேறு நிறுவனத்தில் 90 நாள் விதி இருந்தது. பயணத்தை ஆறு வாரம் தள்ளிப்போட்டு அதை வாங்கினார்கள்.

"அவசரநிலை", "மருத்துவத் தேவை", "தீவிர நோய்", "குடும்ப உறுப்பினர்" போன்ற சொற்களுக்கும் இப்படித் தனிப் பொருள் இருக்கும். நாம் பேச்சில் நினைக்கும் பொருளை வைத்துக்கொண்டு படித்தால் ஏமாந்துபோவோம்.

அடுத்து உள்வரம்புகள். மொத்தக் காப்பீடு 5 லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே ஒரு அட்டவணையில் அறுவை சிகிச்சைக்கு 3,000, மருத்துவமனை அறைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். அறுவை சிகிச்சைப் பில் 20,000 வந்தாலும் 3,000-தான் தருவார்கள். அந்த 5 லட்சம் உங்கள் கைக்கு வரவே வழியில்லை. அமெரிக்காவுக்கு வரும் பெற்றோருக்காக வாங்கும் மலிவான பாலிசிகள் பல இந்த வகை. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும், உள்வரம்பு அட்டவணை இல்லாத முழுமையான பாலிசியையே வாங்குங்கள்.

மனநலச் சிகிச்சை, பிசியோதெரபி, பல், கண் ஆகியவை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். மனநலத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். புது நாட்டில் முதல் வருடம் தனிமை எல்லோரையும் ஏதோ ஒரு விதத்தில் அசைத்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில் ஆலோசகரிடம் போக வழி இருப்பது ஆடம்பரம் அல்ல.

மருத்துவ இடமாற்றம், தாயகம் அனுப்புதல் என்ற இரண்டும் வேறு வேறு. முதலாவது, இருக்கும் இடத்தில் சிகிச்சை வசதி இல்லையென்றால் பொருத்தமான அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. அது உங்கள் சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை, முடிவு எடுப்பதும் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்தான். இரண்டாவது, சொந்த நாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் இதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுதவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் குடும்பங்கள் நிதி திரட்ட அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: உங்கள் பங்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்

டிடக்டிபிள் என்றால் காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. கோ-இன்சூரன்ஸ் என்றால் அதற்கு மேல் வரும் பில்லில் உங்கள் சதவீதம். உச்சவரம்பு என்றால் ஒரு வருடத்தில் உங்கள் பங்கு இதற்கு மேல் போகாது என்ற எல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். டிடக்டிபிள் 1,000, உங்கள் சதவீதம் 20, உச்சவரம்பு 5,000 என்று வைத்துக்கொள்வோம். பில் 12,000 வந்தால் முதல் 1,000 உங்களுடையது. மீதி 11,000-ல் 20 சதவீதம் 2,200. ஆக 3,200 கட்டுவீர்கள். பில் 40,000 வந்தால்? 1,000, அதோடு 39,000-ல் 20 சதவீதமான 7,800. மொத்தம் 8,800. ஆனால் உச்சவரம்பு 5,000 என்பதால் அங்கேயே நின்றுவிடும். இப்போது உச்சவரம்பு இல்லாத, பிரீமியம் குறைந்த பாலிசியை எடுத்து 2 லட்சம் பில்லுக்கு இதே கணக்கைப் போடுங்கள். உங்கள் பங்கு 40,800. மாதம் கொஞ்சம் மிச்சம் பிடித்தது எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

டிடக்டிபிள் வருடத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதையும் கேளுங்கள். நெதர்லாந்தில் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 385 யூரோ, ஆனால் குடும்ப மருத்துவரைப் பார்க்கும் செலவுக்கு அது பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் பெரியவர்கள் 300 முதல் 2,500 பிராங்க் வரை தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் வரும் செலவில் 10 சதவீதம், ஆண்டுக்கு 700 பிராங்க் வரை உங்கள் பங்கு. அடிக்கடி மருத்துவரைப் பார்க்கிறவர் குறைந்த டிடக்டிபிளையே எடுக்கலாம். அதிக டிடக்டிபிள் எடுப்பதென்றால், அவ்வளவு தொகையை வங்கியில் தொடாமல் வைத்திருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். புதிதாகக் குடியேறுகிறவருக்கு வீட்டு முன்பணம், சாமான்கள் என்று கை காலியாகியிருக்கும் நேரம் அது. முதல் வருடத்துக்குக் குறைந்த டிடக்டிபிள், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்பேன்.

ஏழாம் படி: எந்த மருத்துவமனை, யார் பணம் கட்டுவது

குடியிருக்கப் போகும் பகுதி முடிவானதும், அங்கிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய மருத்துவமனை ஒன்று பாலிசியின் நெட்வொர்க்கில், அதாவது நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவமனைகளின் பட்டியலில், இருக்கிறதா என்று பாருங்கள். இணையப் பட்டியல் பழையதாக இருக்கலாம். மருத்துவமனைக்கே போன் செய்து பாலிசியின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஒரே நிறுவனத்துக்குப் பல நெட்வொர்க் இருக்கும்.

நிறுவனமே நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டுமா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பது அடுத்தது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் முன் அனுமதி வேண்டியிருக்கும். அனுமதி வாங்காமல் போனால் தொகையைக் குறைப்பார்கள் அல்லது மறுப்பார்கள். திடீரென்று மருத்துவமனையில் சேர்ந்தால் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும். அதனால் அந்த எண் உங்கள் போனில் மட்டுமல்ல, கூட இருப்பவரின் போனிலும் இருக்கட்டும்.

எட்டாம் படி: பழைய பாலிசியை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்

தாய்நாட்டில் ஏற்கெனவே பாலிசி இருந்தால், வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அது பெரும்பாலும் உதவாது. ஆனாலும் முதல் வருடம் வரை விட்டுவிடாதீர்கள். வேலை பிடிக்காமலோ விசா புதுப்பிக்காமலோ திரும்பினால், புதிதாக வாங்கும் பாலிசியில் காத்திருப்புக் காலம் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வயதும் ஏறியிருக்கும். பெற்றோர் அங்கேயே இருந்து, அவர்களும் அதே பாலிசியில் இருந்தால் நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

கிளம்பும் முன்பும் போய் இறங்கிய வாரத்திலும்

மருத்துவரிடம் எல்லாருக்கும் ஒரு சுருக்கக் கடிதம் வாங்குங்கள், போகும் நாட்டின் மொழியிலோ ஆங்கிலத்திலோ. மருந்துகளின் வணிகப் பெயர் போதாது, பொதுப் பெயர் வேண்டும். குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கண்ணாடியின் பவர் குறிப்பு ஆகியவற்றைப் படமெடுத்தும் வையுங்கள். பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் எத்தனை வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்தீர்கள் என்று ஒரு சான்று கேட்டுப் பெறுங்கள், சில நாடுகளில் சேரும்போது கேட்பார்கள்.

மாத்திரைகளை எடுத்துப் போகும் முன் அந்நாட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள். நாம் சாதாரணமாகச் சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின், 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

போய் இறங்கிய பிறகு, காய்ச்சல் வரும் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். பிரிட்டன், நெதர்லாந்து போன்ற இடங்களில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க அவர் வழியாகத்தான் போக வேண்டும். சில ஊர்களில் புதியவர்களைச் சேர்க்கவே இடம் இல்லை என்பார்கள், இரண்டு மூன்று இடம் அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, காப்பீடு தொடங்குவதாகச் சொன்ன தேதியன்று காலையில் அட்டையில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். என் பெயர் உங்கள் கணினியில் இருக்கிறதா, என் மனைவி பெயர், குழந்தைகள் பெயர் இருக்கிறதா, இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரின் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். தலைப்பெழுத்தும் அப்பா பெயரும் இடம் மாறிப் பதிவாவது நம்மவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. திருத்த வேண்டியிருந்தால் அன்றே திருத்தச் சொல்லி, பேசியவரின் பெயரையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.